தட்டில் பாதி குங்குமம்

பன்னிரண்டாவது ரீல் ஏறியதும் இருசம்மாள் முதலில் தன் கொண்டையை அவிழ்த்து, இன்னும் இறுக்கி முடிந்துகொள்கிறாள். சாமி வந்தவர்கள் கைக்கு முதலில் அகப்படுவது எதிரில் நிற்பவளின் கூந்தல்தான் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. அடுத்து முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். பிறகு சுவரோரம் வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டை எடுக்கிறாள். அதில் பாதி குங்குமம், பாதி திருநீறு, நடுவில் ஒரு கொத்து வேப்பிலை.

சங்கராபுரத்துத் தியேட்டர் ஒன்றில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பவள் அவள். சண்டைப் படம், காதல் படம் என்றால் கிழிப்பதோடு வேலை முடிந்தது. அம்மன் படம் வந்துவிட்டால்தான் அவளுக்கு மவுசு. மலையிலிருந்தும் மணலூர்பேட்டைப் பக்கமிருந்தும் பெண்கள் பஸ் பிடித்து மதியக் காட்சிக்கு வந்து இறங்குவார்கள். படம் முடிவதற்குள் நாலு பேருக்காவது அருள் வந்துவிடும். அவர்களைத் தாங்கிப் பிடித்து, வேப்பிலையால் தடவி, தண்ணீர் கொடுத்து, திரும்ப பஸ் ஏற்றிவிடுகிற வரைக்கும் அவள் பொறுப்பு.

சாமி எப்படி வருகிறது என்பதில் அவளுக்குத் துளி மயக்கமும் கிடையாது.

"படம் புடிச்சவன் மொதல்ல எல்லாச் சத்தத்தையும் நிறுத்திடுவான். பக்கத்துல இருக்கறவ மூச்சு வுடறதுகூடக் கேக்கும். அப்பால ஒத்தச் சலங்கை. அப்பால தெரையெல்லாம் செகப்பு. ஆத்தா கண்ணத் தொறக்கறப்போ பம்பைய வுடுவான் பாரு, கல்லுக்கும் ஆட்டம் வந்துடும்."

மேனேஜர் ராஜாங்கமும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. பேய்ப் படத்துக்கென்று வாங்கிய பெரிய ஒலிபெருக்கியைப் பெண்கள் பெஞ்சுக்குப் பின்னால் தரையோடு வைத்துவிட்டார். பம்பைச் சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடுகிறது. அந்த ரீலுக்குச் சாம்பிராணியும் போடச் சொல்வார். "இங்க அருள் வருதுன்னு ஊர்ல பேச்சு கெளம்பிட்டா போதும், படம் அம்பது நாள் நிக்கும்" என்பது அவர் கணக்கு. ஆபரேட்டர் சத்தத்தைக் குறைத்ததும் ஆடுகிறவள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதை இருசம்மாள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். "பம்பை நின்னா ஆத்தாளும் போய்டுவா. எனுக்குத் தெரியாதா இன்னா?"

இவ்வளவும் தெரிந்தவள்தான், ஆடுகிறவளின் காதோரம் குனிந்து, ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "தாயே, எங்க வூட்டாளு உசுரோட இருக்காரா?"

அவள் புருஷன் சடையன் புளி மூட்டை ஏற்றுகிறவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெள்ளிமலைக்குப் போகிற லாரியில் ஏறினான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. "வழியில எறங்கிக்கினாரு" என்றதற்கு மேல் டிரைவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கொழுந்தன் காசிநாதன் வருஷம் தவறாமல் வந்து நிற்கிறான்.

"எத்தினி நாளிக்கு அண்ணி இப்பிடியே இருப்பீங்க? அண்ணனுக்குக் காரியம் பண்ணிடலாங்க. ஆவி அலஞ்சிக்கினு இருக்கும்."

அவன் வாயை அடைக்க அவள் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். "ஆத்தா எந்நெத்தியில என்னிக்கு துன்னூறு வெக்கிறாளோ, அன்னிக்கே தாலிய அவுத்து வெக்கிறேன்."

இதுவரை அவள் நெற்றிக்கு வந்ததெல்லாம் குங்குமம்தான். எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு, திரை வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று கேட்டால் எந்த ஆத்தாள் திருநீற்றைத் தொடுவாள்? காசிநாதனே இதைக் குத்திக்காட்டியிருக்கிறான். "கேக்கறதுக்குக் காசா பணமா?" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் குங்குமம் வாங்கிய அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. மற்ற நாளெல்லாம் பயம்தான்.

சென்ற ஆடி வெள்ளி. பன்னிரண்டாவது ரீல். சத்தமெல்லாம் அடங்கி, ஒற்றைச் சலங்கை கேட்டது. பம்பை கிளம்புமுன் கரண்ட் போய்விட்டது.

வெளியே ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆண்கள் பக்கம் ஒரு விசில், பெண்கள் பக்கம் ஒரு குழந்தையின் அழுகை. பிறகு தரையில் தொம், தொம் என்று காலடி கேட்டது.

பக்கக் கதவை யாரோ திறந்தார்கள். சாம்பிராணிப் புகைக்குள் வெயில் ஒரு பட்டையாக விழுந்தது. கடைசி பெஞ்சருகில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்தவள், தியேட்டருக்கே புதியவள். டிக்கெட் கிழிக்கும்போது, "எந்தாண்ட பாத்துக்கினு ஒக்காரணும்?" என்று கேட்டது இருசம்மாளுக்கு நினைவு வந்தது. அவள் தலைமுடி கலையவில்லை. வாயிலிருந்து ஒரு சத்தமில்லை. கால்கள் மட்டும், அடிக்கப்படாத அந்தப் பம்பையின் தாளத்தை ஒரு அடி பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அடி இருசம்மாளுக்கு மனப்பாடம்.

விசில் நின்றது. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டது.

பம்பை இல்லை, சிவப்பு இல்லை, திரையில் ஆத்தாள் கண் திறக்கவில்லை. பின் இவளை ஆட்டுவது யார்? பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம். கால்கள் போய் நின்றன, வாய் கேட்டுவிட்டது.

"தாயே, எங்க வூட்டாளு…"

ஆட்டம் சட்டென்று நின்றது. இருட்டில் இருந்த இருசம்மாளின் முகத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"மலையிலதான் இருக்கான்" என்றாள். "குளுருதுன்றான்."

வெயில் பட்டை தட்டின் மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கை அந்த வெளிச்சத்துக்குள் மெல்ல நீண்டு வந்தது. அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. விரல்கள் குங்குமத்தைத் தாண்டி, வெள்ளைப் பக்கத்தின் மேல் வந்து இறங்கின.

தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, இருசம்மாள் தட்டைத் திருப்பி, குங்குமப் பக்கம் அந்த விரல்களுக்கு அடியில் வரும்படி பிடித்தாள். பிறகு குனிந்து நெற்றியைக் காட்டினாள்.