டொலேடோவுக்கு ஒரு ஞாயிறு

காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய ஓர் ஊருக்கு ஆறு மாதம் திட்டம் போட்டவர்கள் அந்தமானில் நாங்களாகத்தான் இருப்போம். நாங்கள் என்பதுகூடத் தப்பு. திட்டம் போட்டது என் மனைவி. நான் எரிச்சல்பட்டேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் துறைமுக வேலைகளைப் பார்க்கும் ஜூனியர் இன்ஜினியர் நான். ஃபீனிக்ஸ் பேயில் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியை நீட்டிக்கொண்டிருந்தோம். ஸ்பெயினில் துறைமுகக் கட்டுமானம் பற்றி ஒரு கூட்டம் என்றும், டில்லியிலிருந்து போகும் மூன்று பேரோடு தீவுகளிலிருந்து ஒருவரும் போகலாம் என்றும் கடிதம் வந்தது. என் மேலதிகாரிக்குக் கப்பலே ஒத்துக்கொள்ளாது, விமானம் எங்கே ஒத்துக்கொள்ளப்போகிறது என்று என் பெயரை எழுதிவிட்டார். கூட்டம் மாட்ரிட் நகரத்தில். அங்கே கடலே கிடையாது. கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பற்றிப் பேசலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. என் பெயர் இருந்த ஃபைல் கப்பலேறி மெயின்லாண்டுக்குப் போய், டில்லியில் மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுந்து, மறுபடி கப்பலேறி வருவதற்குத்தான் அந்த ஆறு மாதம்.

என் மனைவி பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தினாள். திருநெல்வேலியில் பி.ஏ. முடித்து மேலே படிக்க நினைத்திருந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். தான் பாடம் நடத்தும் ஊர்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. மாட்ரிட் என்று நான் சொன்னதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "பக்கத்துல டொலேடோ இருக்குல்லா?" என்பது.

எனக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் முஸ்லிம், யூத, கிறிஸ்தவப் பண்டிதர்கள் ஒரே ஊரில் உட்கார்ந்து அரபு நூல்களை லத்தீனில் எழுதினார்கள். நம் நாட்டிலிருந்து போன எண்களும் கணக்கும் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் அது ஒன்று. ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது ஏதோ தாய்மாமன் ஊர் போல ஆகிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் பத்து நாளுக்கு நடுவே ஒரு ஞாயிறு காலியாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் எடுத்துக்கொண்டாள்.

நீளமான நோட்டு ஒன்று வாங்கினாள். இடது பக்கத்தில் திட்டம். வலது பக்கம் நடந்தது. எங்கள் அலுவலகத்தில் வேலை முன்னேற்றத்தைக் குறிக்கும் பதிவேட்டைப் பார்த்துத்தான் அந்த முறையை எடுத்தாள். இடது பக்கத்தை அவள் எழுதுவாள். வலது பக்கத்தை நான் அங்கே போய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும்.

விவரத்துக்கு இருந்தது ஒரே ஒரு புத்தகம். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய வழிகாட்டி, பள்ளி நூலகத்தில் கிடந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் புத்தகங்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லவேண்டியதில்லை. வரைபடம் கூழாகியிருந்தது. டொலேடோ ஸ்டேஷனில் இறங்கியதும் என்ன செய்வது என்கிற பக்கத்தைப் பூச்சி பாதி தின்றிருந்தது. மிச்சமிருந்தது இவ்வளவு: ஊர் பாறைக் குன்றின்மேல் இருக்கிறது, ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

"அப்போ அந்தப் பக்கம் எப்படிங்க போறது?" என்று கேட்டாள்.

அன்று ஜெட்டியில் ஒரு தூண் சாய்ந்து, மழையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தேன். தட்டில் சோறு இருந்தது. படகை நினைத்துக்கொண்டு, "போட்டுதான் இருக்கும், விடு" என்றேன்.

இதை நிதானமாகப் படிக்கவேண்டும். நான் இன்ஜினியர். ஆயிரம் வருடத்துக்கு மேலாக மனிதர்கள் வாழும் நகரத்தில், ஓர் ஆற்றின்மேல் கல்பாலம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் போட்டு. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். போட்டு வந்தால் போவோம், வராவிட்டால் உட்கார்ந்திருப்போம். அவளுக்கும் அது இயல்பாகவே பட்டது. "8.20 ரயில். 10.00 ஸ்டேஷன். 10.15 படகுத்துறை" என்று எழுதிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் லாஞ்ச் ஓட்டும் செராங். கைதிகள் காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். தமிழை ஹிந்தியில் முக்கி எடுத்துப் பேசுவார். படகு என்றதும் அவருக்கு உரிமை வந்துவிட்டது. "பெஹன்ஜி, இறங்குறதுக்கு முன்னாடியே ஆக்ரி போட்டு எப்போன்னு கேக்கச் சொல்லுங்க. கேக்காம மேல ஏறினா, சார் ராத்திரி அங்கேயே சோனா, தூங்க வேண்டியதுதான்" என்றார். கடைசிப் படகைக் கேட்கவும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதப்பட்டது.

அப்புறம் ஒத்திகை. படகுத்துறையிலிருந்து ஊர் உச்சியில் இருக்கும் பெரிய தேவாலயம் வரை ஏற்றம், முக்கால் மைல் இருக்கும் என்று அவளே ஒரு கணக்குப் போட்டாள். ஜெட்டியிலிருந்து ஜங்லிகாட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும் ஏற்றமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதை நடந்து பார்த்தால் நேரம் தெரிந்துவிடும் என்றாள். ஒரு ஞாயிறு காலை, கையில் குடையோடும் தோளில் பையோடும் என்னை நடக்கவைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். பையில் என்ன கனம் இருக்குமோ அந்தக் கனத்துக்கு இரண்டு தேங்காய். மீன் வாங்கிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் வழிவிட்டு வேடிக்கை பார்த்தது. செராங் தன் வாசலில் நின்று, "க்யா சார், ஸ்பெயின் பஹுஞ்ச் கயா? இல்ல இன்னும் வழியிலதானா?" என்றார். முப்பது நிமிடம் ஆனது. அவள் அதைக் குறித்துக்கொண்டு, அங்கே குளிராக இருக்கும், அதனால் கொஞ்சம் வேகமாக நடப்பீர்கள் என்றாள். நான் தேங்காய்களை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்படியே நாலு மாதம். சாப்பிடும்போது, குளிக்கப் போகும்போது, பூட்ஸ் போடும்போது. தேவாலயத்துக்குப் பிறகு யூதர்களின் பழைய கோயில். அதற்குப் பிறகு மறுகரையிலிருந்து ஊரைப் பார்க்கவேண்டும், பார்த்து வரையவேண்டும். "நீங்க நல்லா வரைவீங்கல்லா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வரைஞ்சுட்டு வாங்க" என்றாள். முதல் ரயில் தவறினால் அடுத்தது எது என்றுகூட எழுதியிருந்தாள். பழைய புத்தகத்து நேரம் மாறியிருக்கும் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மாட்ரிட் போனேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, நாளைக்கு என்னென்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டை மேஜையில் வைத்திருந்தேன். டில்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி அதை எடுத்துப் புரட்டினார். தமிழ் எழுத்து அவருக்குப் புரியவில்லை. நேரங்களும் சிவப்புக் கோடுகளும் புரிந்தன. மனைவி போட்ட உத்தரவா என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீவில் பெண்களுக்குப் பொழுதுபோக்கு எதுவும் கிடையாது, இப்படி எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முன்னால் எந்த மொழியிலும் அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விழித்துக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை இல்லை. அடுத்த ரயில் இருக்கிறதே என்று புரண்டு படுத்தேன்; அதையும் அவள்தானே எழுதிக்கொடுத்திருந்தாள். பிறகு அந்த மூவரோடு கடைவீதிக்குப் போனேன். மதியம் நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். எழுந்தபோது மணி நாலு. கீழே போய் ஒரு காபி குடித்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை. இவ்வளவு வருடத்தில் ஒரு நல்ல காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடையாது.

சொல்லிவிடலாம் என்றுதான் மதராஸில் கப்பலேறினேன். இரண்டாம் நாள் கடல் அமைதியாக இருந்தது. நோட்டைத் திறந்தேன். வலது பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. நிரப்ப ஆரம்பித்தேன்.

பொய்க் கணக்கு எழுதும் ஒப்பந்தக்காரர்களை நான் நிறையப் பிடித்திருக்கிறேன். எல்லாம் அச்சாகப் பொருந்தியிருந்தால் அது பொய். அதனால் ரயில் ஐந்து நிமிடம் தாமதம் என்று எழுதினேன். ஏற்றத்தில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கியதாக எழுதினேன். தேவாலயத்துக்குள் ஒரு பகுதி பூட்டியிருந்ததாக எழுதினேன். கடைசிப் படகு ஆறரைக்கு. படம் வரையவேண்டி வந்தபோது ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாததால், படகுத்துறையைப் பெரிதாகவும் ஊரைத் தூரத்தில் மங்கலாகவும் வரைந்தேன். பதினோரு படி, கயிறு கட்ட இரண்டு இரும்புக் குற்றி, ஓரத்தில் அளவுகள். மனதில் வேறு ஜெட்டி இல்லாததால் ஃபீனிக்ஸ் பேயின் படிகளையே ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கிய அன்று மாலை, வீட்டில் அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். அதிகம் கேட்கவில்லை. படகில் எத்தனை பேர் என்றாள். பதினைந்து பேர் இருப்பார்கள் என்றேன். தண்ணீர் என்ன நிறம் என்றாள். செம்மண் கலந்த நிறம் என்றேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகையின்போது கோபப்பட்டீர்களே, இப்போது பாருங்கள் என்பதுபோல ஒரு முகம். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

படத்தைச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டினாள். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது. கடற்படை அதிகாரி ஒருவரின் மகள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டிலெல்லாம் இருந்த குடும்பம். அந்தப் பெண் எழுந்து, டீச்சர், அங்கே பாலம் அல்லவா இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாமே என்றது. இல்லையம்மா, படகில்தான் போகவேண்டும் என்றாள் இவள். அந்தப் பெண் விடவில்லை. இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நேரில் போய்ப் பார்த்து அளந்து வரைந்திருக்கிறார், நீ உட்கார் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அந்தப் பெண் ஒரு படத்தபால் அட்டை கொண்டுவந்தது. குன்று, ஊர், ஆறு, ஆற்றின்மேல் பழைய கல்பாலம். ஒரு கோடியில் கோபுர வாசல்.

இவள் அதை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி கையில் பிடித்துக்காட்டி, நான் சொன்னது தப்பு, இந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று சொல்லி, அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு வேறோர் ஆசிரியை சொல்லித் தெரிந்தது. அன்று சாயங்காலம் இவள் சட்டம் போட்ட படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"இன்னைக்கு ஃபீனிக்ஸ் பேயில இறங்கி எண்ணிப் பாத்தேன். பதினோரு படிதான்" என்றாள்.

நான் செய்திருக்கவேண்டியது ஒன்றுதான். அதைச் செய்யாமல் கத்தினேன். ஆறு மாதம் என் உயிரை வாங்கினாய், ஊர் சிரிக்கத் தேங்காய் தூக்கவைத்தாய் என்றேன். "உன் நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையவா கவர்மெண்டு என்னை அனுப்புச்சு?" என்றேன். செராங் வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நல்ல மனிதர்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். "போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பிள்ளையை உக்காரச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு சோறு போட்டாள்.

அதற்கு முன்பெல்லாம் வேலையாக நான் கார் நிக்கோபார் தீவுக்குப் போய்விட்டுக் கப்பல் கிடைத்துப் பதினைந்து நாள் கழித்து வந்தால், கேள்வியாகக் கேட்பாள்: வீடுகள் எப்படி, கரையில் என்ன மரம், என்ன பேசினார்கள், என்ன சாப்பிட்டார்கள். களைத்து வந்த மனிதனை இப்படிக் குடைவாளே என்று எரிச்சலாக இருக்கும். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போய்வந்தாலும் "சாப்டீங்களா?" என்பதோடு சரி. நானாகச் சொன்னாலும் தலையாட்டுவாள்; நம்புகிறாளா இல்லையா என்று தெரியாது. ஓய்வு பெறும்வரை ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தினாள். எப்படி நடத்தினாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் முகம் எனக்கில்லை.

போன மாதம் பீரோவைக் காலி செய்யும்போது நோட்டு கிடைத்தது. அவளும் பார்த்தாள். நான் ஒரு ஸ்கேலை எடுத்து, வலது பக்கங்களில் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: 'போகவில்லை. ரயிலடிக்கே போகவில்லை. ஓட்டலில் தூங்கினேன். நோட்டை மற்றவர்கள் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். படகு என்று சொன்னதும் நான்தான்.' பிறகு, இங்கே எழுதியிருக்கும் இதையும் முழுதாக எழுதி, இரண்டையும் அவளிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாள். சிவப்புப் பேனா கேட்டாள். இந்தக் கதையில் ஒத்திகை வரும் இடத்தில் முப்பது நிமிடம் என்று நான் எழுதியிருந்ததைச் சுழித்து, முப்பத்துநாலு என்று எழுதினாள். நோட்டின் இடது பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, பார்த்தேன். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"தேதி போடலியே."

"அன்னைக்குத் தேதியா, இன்னைக்கா?"

"என்னைக்கு எழுதுனீங்களோ, அன்னைக்கு."

போட்டேன். அதைச் சரிபார்த்துவிட்டு நோட்டை மூடினாள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்ன நிறமாக இருந்திருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.