வீரணன் அண்ணன் சுட்ட கோடு

வீரணன் அண்ணன் போயிட்டாரு.

காலையில ஏலக்கா ஆக்‌ஷன்ல உட்கார்ந்திருக்கேன், அவர் மக செல்வி போன் பண்ணுச்சு. "அண்ணே, அப்பா தவறிட்டாரு..." எழுந்து வெளிய வந்துட்டேன்.

போடிமெட்டுக்குக் கீழ காட்டுல ஃபயர் வாட்சரா இருந்தவர். எத்தனையோ வருஷமா தற்காலிக வேலைதான். எங்க ஏலத்தோட்டத்துக்கும் அவர் பார்த்த காட்டுக்கும் நடுவுல ஒரு கல்வரிசை, அவ்வளவுதான்.

எங்க ரெண்டு பேருக்கும் எப்பவும் வாய்ச்சண்டை. ஒரு தடவை காத்துக்கு ஒரு பெரிய மரம் காட்டுக்குள்ள சாய்ஞ்சு, காஞ்சு கிடந்துச்சு. "காஞ்ச மரம் கிடந்தாத்தானண்ணே தீ பிடிக்கும்? எடுக்க விட்டா காட்டுக்கும் நல்லது, எங்களுக்கும் விறகு"ன்னு சட்டமே போடுற ஆள் மாதிரி பேசினேன்.

சிரிச்சாரு. "காஞ்சத எடுக்க விட்டா, நாளைக்கு நீங்களே காய வச்சு எடுப்பீக தம்பி."

நிழல் மரத்துக்குப் பட்டையைச் சீவி விட்டுட்டு, தானா பட்டுப்போச்சுன்னு சொன்ன குடும்பம்தான் எங்களது. அவருக்குத் தெரியாம இருக்குமா...

ஆனா நான் சொல்ல வேண்டியது வேற.

மூணு வருஷம் முன்னாடி, மாசி மாசம். இதே முகநூல்ல ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். காக்கிச் சட்டையில ஒருத்தர் புல்லுக்குத் தீ வைக்கிறாரு. கூட நிக்கிறவர் "பத்துமாண்ணே?"ங்கிறாரு. இவர், "பத்தாது, இன்னும் கொஞ்சம் வையி."

"காட்டைக் காக்க வேண்டியவங்களே கொளுத்துறாங்க"ன்னு மேல எழுதினேன். உங்கள்ல நிறைய பேர் ஷேர் பண்ணீங்க.

அந்தக் காக்கிச் சட்டை வீரணன் அண்ணன்தான். அவர் செஞ்சதுக்குப் பேரு கோடு சுடுறது. கோடைக்கு முன்னாடியே எல்லையோரப் புல்லை ஒரு பட்டையா அவங்களே எரிச்சு விடுவாங்க. பின்னாடி பெருந்தீ வந்தா அந்த இடத்துல அது தின்ன ஒண்ணும் இருக்காது.

பத்துமான்னு அவங்க கேட்டது, அகலம் போதுமான்னு. என் காதுல விழுந்தது, தீ பத்திக்குமான்னு. போடியிலேயே பிறந்து வளர்ந்தவன்... நின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை.

வீடியோவைப் பார்த்துட்டு வனத்துறையில, விசாரணை முடியிற வரைக்கும் வர வேணாம்னு அவரை நிறுத்திட்டாங்க.

பங்குனியில கீழ்ச்சரிவுல தீ பிடிச்சு மேல ஏறுச்சு. நான் ஜீப்புல போய்ச் சேர்றப்ப வீரணன் அண்ணன் அங்க நிக்கிறாரு. சம்பளம் இல்லை, காக்கி இல்லை. கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பச்சைக் கொப்பால தீயை அடிச்சுக்கிட்டிருக்காரு.

"தம்பி, வெரசா ஒரு கொப்பு கொண்டா! அந்தப் பக்கம் பொறி விழுகுது."

ஓடினேன். அவர் சுட்ட கோட்டுக்கு வந்ததும் தீ படுத்துருச்சு. எங்க தோட்டத்துல ஒரு இலை கருகலை.

முகநூல்ல இருந்து வீடியோவை அன்னைக்கே டெலிட் பண்ணிட்டேன். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில, "அதைப் போட்டது நான்தாண்ணே"ன்னு மென்னு முழுங்கிச் சொன்னேன்.

"தெரியும். மக போன்ல காட்டுச்சு. மூஞ்சி தெளிவாத்தான் விழுந்திருக்கு"ன்னுட்டு டீயைக் குடிச்சாரு. அவ்வளவுதான் அவர் பேசினது.

அடுத்த வருஷம் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க. ஆனா "தீ வச்ச வீரணன்"ங்கிற பேரு கடைசி வரைக்கும் போகலை. பஸ்சுல கூட யாராவது சொல்லிச் சிரிப்பாங்க. அந்தப் பேரை வச்சது நான். தப்பா போட்டுட்டேன்னு நாலு வரி எழுத இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன்... மன்னிச்சிருங்கண்ணே.

இன்னைக்கு செல்வி கேட்டது, போஸ்டருக்கு ஒரு போட்டோ. "உங்க வீடியோ இருக்காண்ணே? அதுல மட்டுந்தேன் அப்பா காக்கில இருக்காரு."

என் போன்ல இருந்துச்சு. அதுல இருந்து ஒரு படம் எடுத்து, காலுக்குக் கீழ எரியிற தீயை மட்டும் வெட்டிட்டு அனுப்பினேன். உடனே திரும்பக் கூப்பிட்டுச்சு.

"தீயை ஏண்ணே வெட்டுனீக? அதுதான அப்பா சோலி?"

முழுப் படத்தையும் அனுப்பிட்டேன். இங்கயும் போட்டிருக்கேன், பாருங்க.

போயிட்டு வாங்கண்ணே.