டெனிஸ் வளர்த்த அபூர்வக் குரோக்கஸ்

பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், எங்கள் தெருவில் உற்சாகமாக நடமாடுகிற ஒரே ஆள் டெனிஸ் ஆல்கிராஃப்ட்தான். மற்ற நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஸ்பெயினுக்கு வெயில் காயப் போன சொந்தக்காரர்களைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்போம். டெனிஸ் மட்டும் கம்பளித் தொப்பியோடு தோட்டத்தில் பூச்செடி வளர்க்கும் தன் கண்ணாடிக் கூண்டில் குப்புறப் படுத்திருப்பார். குரோக்கஸ் பூவை மோந்து பார்க்க வேறு வழியில்லை. பூ விரல் உயரம், அவர் ஆறடி.

வேலையில் இருந்த காலத்தில் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சேதம் மதிப்பிடுகிறவர். வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த சோபாவைச் சுற்றி வந்து, அது வெள்ளத்துக்கு முன்பே நாறிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பது தொழில். அதில் கெட்டிக்காரர் என்று கம்பெனி சொன்னது. சோபா வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். ஓய்வு பெற்றதும் அந்தச் சந்தேகக் கண்ணை அப்படியே பூக்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற குற்றத்துக்காக வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"சீக்கிரம் உள்ள வாப்பா, கதவைச் சாத்து. குளிர் வெளியே போயிடும்."

உலகம் முழுக்கக் குளிர் நிரம்பியிருக்க, டெனிஸ் தன் பங்கைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தார். மணலில் கழுத்து வரை புதைத்த மண் தொட்டிகள். துருக்கி மலையிலிருந்து வந்த மஞ்சள், கிரீட் தீவின் வெள்ளை, வெளியிதழில் யாரோ மை தொட்டுக் கோடு கிழித்த மாதிரி இன்னொன்று. கொஞ்சம் வெயில் பட்டால் கிண்ணமாக விரியும். மேகம் வந்தால் மடக்கிய குடையாக மூடிக்கொள்ளும். டெர்பிஷயரில் பெரும்பாலும் குடைதான்.

"அந்த ஊதா நல்லா இருக்கு டெனிஸ்."

"எந்த ஊதா?"

"அதான்... ஊதா."

"உன் கண்ணு முன்னாடி நாலு இனம் நிக்குது!"

நான்கும் எனக்கு ஒன்று போலத்தான் இருந்தன. ஆனால் நடுவில் நின்ற தொட்டியைத் தப்பாகச் சொல்ல முடியாது. அதற்கு மட்டும் உயர்ந்த பீடம். கிரேக்க மலைகளில், பனி உருகுகிற ஓரத்தில் பூக்கிற வெலுகென்சிஸ் என்ற இனம். அங்கே ஏறிப்போன ஒருவர் கொடுத்த விதையைப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து பூக்க வைத்தது. வட்டாரப் பூச்செடிச் சங்கத்தின் கண்காட்சியில் மூன்று தடவை முதல் பரிசு. மூன்று வெள்ளிக் கோப்பைகளும் வரவேற்பறையில், கல்யாணப் போட்டோவுக்கு முன்னால்.

கூண்டுக்கு வெளியே, புல்தரையில், வேறொரு குரோக்கஸ் தானாகவே முளைத்துப் பரவியிருந்தது. எங்கள் பக்கம் அதை டாமி என்பார்கள். நாய்க்கு வைக்கிற பெயராகத் தெரியலாம்; டெனிஸும் அதை நாயைப் போலத்தான் விரட்டினார். தினமும் காலையில் சாப்பாட்டு மேசைக் கத்தியோடு மண்டியிட்டுத் தோண்டி எறிவார்.

"அது பாட்டுக்கு பூத்துட்டுப் போகுதே, விடேன்," என்பார் அவர் மனைவி மேவிஸ். "எனக்கு ஜன்னல்ல இருந்து பாக்க அழகா இருக்கு."

"பெட்ரோல் பங்க் வாசல்ல வைக்கிற பூ மேவிஸ் இது. நாலு பேரு வந்து போற வீடு."

"எந்த நாலு பேரு? குளிருக்குப் பயந்து என் தங்கச்சியே வர்றதில்ல."

நான்காவது கோப்பைக்காகக் கிளம்பிய காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் பூ விரிந்துவிடக்கூடாது என்பதால் ஹீட்டர் கிடையாது. போதாததற்கு ஜன்னல்களும் பாதி இறக்கம். மேவிஸ் முன்சீட்டில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, அடுத்த கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் வெலுகென்சிஸை வைத்துக்கொள்ளும் பாக்கியம் எனக்கு.

பள்ளிக்கூட ஹாலின் சூட்டில் பூக்கள் சொல்லி வைத்த மாதிரி விரிந்தன. டெனிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பணிவாக இருக்க மிகவும் சிரமப்பட்டு நின்றார். அந்த வருஷம் நடுவர் புதிது: ஆன்தியா லோம் என்ற அம்மாள். தொட்டி முன் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மிஸ்டர் ஆல்கிராஃப்ட், பேர் அட்டை மாறிப் போச்சா?"

"மாறல. வெலுகென்சிஸ்."

"வெளியிதழ் வெள்ளி முலாம் பூசின மாதிரி இருக்கு. அடியில பூவைத் தாங்கற குழாய் மெலிசா, வெள்ளையா இருக்கு. இது டாமிங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்போடு நெருங்கி வந்தார்கள்.

"என்ன ஆதாரம்?" என்றார் டெனிஸ். முப்பது வருஷம் மற்றவர்களைக் கேட்ட கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது.

அந்த அம்மாள் அடுத்த மேசையிலிருந்து ஒரு டாமித் தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது. ஊதாவும் ஊதாவும்.

"எறும்பு விதையைத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கும். உங்க அசல் விதை முளைக்காமலே போயிருக்கலாம். வீட்டுப் பக்கம் டாமி ஏதாவது இருக்கா?"

"ஏதாவதா?" என்றார் மேவிஸ் பின்னாலிருந்து. அதற்கு மேல் பேச முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். அழுகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் ஆறுதல் சொல்லப் போனார்கள்; அவர்களும் திரும்பி வரவில்லை.

டெனிஸ் தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். அதற்கப்புறம் பல நாள் கூண்டுப் பக்கமே போகவில்லை. புல்தரையில் டாமிகள் அந்த வருஷம் தடுப்பாரின்றிப் பூத்தன. மேவிஸ் அதைப் பார்த்து ரசிக்காமல் உள்ளே போய், டெனிஸுக்குப் பிடித்த, ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் செய்து வைத்தார். அதையும் அவர் கொறித்துவிட்டு எழுந்தார்.

பிறகு ஒருநாள் மூன்று கோப்பைகளையும் பையில் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தலைவர் ரானல்ட் பிக் பதறிப்போனார். பதறாமல் என்ன செய்வார்? மூன்று தடவையும் பரிசு கொடுத்த நடுவர் அவர்தான். அந்தத் தொட்டியில் கிரேக்கப் பனியின் வாசம் வருவதாக மேடையிலேயே பேசியவர்.

"என்னப்பா டெனிஸ், சின்ன விஷயத்துக்குப் போயி. பரிசு வாங்கினப்போ அது அசல்தான். அப்புறம்தான் டாமி உள்ள புகுந்திருக்கு. கமிட்டியில எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்."

எல்லோருடைய மானமும் காப்பாற்றப்படுகிற, மிகவும் கண்ணியமான பொய். டெனிஸ் தலையசைத்தால் போதும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரானல்ட், முதல் வருஷத்துப் போட்டோவும் இருக்கு, இந்த வருஷத்துதும் இருக்கு. ரெண்டும் ஒரே பூ. இந்த மாதிரிக் கதையோட என் மேசைக்கு யாராவது வந்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அதான் உன்னை யாருக்கும் பிடிக்கல," என்றார் ரானல்ட்.

"தெரியும்," என்றார் டெனிஸ். கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவர்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

தொட்டியைப் புல்தரையில் கொட்டிவிடச் சொன்னார் மேவிஸ். மாட்டேன் என்றார். இத்தனை வருஷம் வளர்த்தது, இருக்கட்டும் என்றார். அடுத்த பிப்ரவரியில் பீடத்தில் அதே தொட்டிதான் நின்றது. அட்டை மட்டும் புதிது: டாமசினியானஸ், அதாவது டாமியின் முழுப்பெயர். அதைக் கண்காட்சிக்கும் கொண்டுபோய், சாதாரண இனங்களின் வரிசையில் வைத்தார்.

அந்த வருஷம் நடுவர் மறுபடி ரானல்ட். மூன்றாம் பரிசு. பூக்கள் ரொம்ப நெருக்கமாக இருக்கிறதாம்.

"நெருக்கமா?" டெனிஸின் குரல் ஹாலின் மறுகோடிவரை கேட்டது. "முன்னாடி மூணு தடவையும் இதே நெருக்கத்தைத்தானே 'செழிப்பு'ன்னு சொன்னீங்க?"

ரானல்ட் விளக்க ஆரம்பித்தார். டெனிஸ் ஆதாரம் கேட்டார். பூதக்கண்ணாடி வந்தது, பழைய போட்டோக்கள் வந்தன, கூட்டம் சேர்ந்தது. மேவிஸ் என் கையில் ஒரு கப் டீயைக் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது முடிய நேரமாகும். எலுமிச்சை கேக் இருக்கு, சாப்பிடறீங்களா?"