வலது பக்கச் சுவர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போன பிறகுதான் வில்லாபுரம் வீட்டுக் கழிப்பறையில் வெஸ்டர்ன் கோப்பை வைத்தோம். வைத்தோம் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? வைத்தது அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வருவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில், பழைய கோப்பையின் குழாய் இருந்த இடத்திலேயே புதியதையும் உட்கார வைக்கச் சொல்லிவிட்டான். “சுவத்தோட ஒட்டிப் போகுதுண்ணே, தரையை ஒடைச்சுத் தள்ளி வச்சிருவோம்” என்று பிளம்பர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

குந்தி உட்கார்ந்த காலத்தில் அந்தச் சுவர் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இப்போது அப்பா உட்கார்ந்தால் வலது தோள் சுவரில் உரசியது. கோப்பைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அவருக்கு மிஞ்சிய கை அது ஒன்றுதான். அதை அந்த இடுக்கில் விட்டுக் கழுவ முடியாது.

காலையில் அண்ணன் கழுவிவிட்டுச் சிம்மக்கல்லில் இருக்கும் கடைக்குப் போய்விடுவான். அண்ணியும் வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் அப்பாவோடு நான்தான் இருந்தேன். மகளிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அடக்கிக்கொண்டு கிடப்பார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, “வாங்கப்பா, போவோம்” என்பேன். “வரல தாயி” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

“ஆடி மாசத்துல எவனாச்சும் வீட்டுத் தரையை ஒடைப்பானா? ஆவணி பொறக்கட்டும்.”

“அப்பா வயிறும் ஆவணி வரைக்கும் பொறுத்துக்கிருமாண்ணே?”

“வாய் ரொம்ப நீளுது ஒனக்கு.”

நீளத்தான் செய்தது. அன்றைக்கு இன்னும் கேவலமாகவும் பேசினேன், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

பிறகு ஒரு மதியம் வேட்டியிலேயே போய்விட்டது. வாளியில் தண்ணீரோடு ஓடினேன். அப்பா நல்ல கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். “ஒங்கண்ணன் வரட்டும்” என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் வந்து சேரும்வரை அப்பா ஃபேனுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். பெற்ற மகள் நிற்கிறேன், தொடவிடாமல் இம்புட்டுப் பிடிவாதமா என்று ஆத்திரமாக இருந்தது.

அண்ணன் அவரைக் கழுவி வேட்டி மாற்றிவிட்டு, வெளியே வந்து பிளம்பரைக் கூப்பிட்டான். ஆடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

தரையை உடைத்து, குழாயை ஒரு முழம் தள்ளி, கோப்பையை மறுபடி பதித்து, பக்கத்தில் கழுவுவதற்குக் கைக்குழாயும் பிடித்து எழக் கம்பியும் மாட்டினார்கள். சிமெண்ட் காயும்வரை ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒப்பேற்றினோம்.

முதல் நாள் அவரைக் கோப்பையில் உட்காரவைத்துவிட்டு வெளியே நின்றேன். கைக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து, அவரே கதவைத் திறந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மதியம் ரசம் ஊற்றிய சோற்றை அவர் முன்னால் வைத்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார்.

“ஒரு ஸ்பூன் குடு தாயி.”

“சோப்புப் போட்டுத்தானப்பா கழுவுனீங்க?”

“கழுவுனேன். இருந்தாலும், அதே கைதான.”

அடுப்படியில் ஸ்பூனைத் தேடும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு ஸ்பூன் பிடித்துப் பழக்கமில்லை. சோறெல்லாம் நெஞ்சில் சிந்தியது. அதை மட்டும் என்னைத் துடைக்க விட்டார்.