நாலாவது கிடையாது

மூன்றாவது தடவையும் பொத்தான் மாட்டவில்லை. ஆர்வில் பெட்டிக்ரூ கையை விலக்கிக்கொண்டு நெஞ்சை என் பக்கம் திருப்பினார். இனி அது என் வேலை. ஷூ நாடாவும் இப்படித்தான், மாத்திரைப் புட்டியின் மூடியும் இப்படித்தான். எதற்கும் மூன்றே தடவை.

அமெரிக்காவில், லிவர்மோரில் ஒரு முதியோர் விடுதி. சக்கர நாற்காலி தள்ளுவது என் வேலை. ஆர்விலுக்கு எழுபது வயது. இளவயதில், கனடாவில், ஒன்பது வருஷம் ஃபுட்பால் ஆடியவர். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. பந்தை இடுக்கிக்கொண்டு ஆளை முட்டித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். இவர் முன்வரிசை. முட்டுவது இவர், பந்து அடுத்தவன் கையில். ஆட்டம் இல்லாத மாதங்களில் இறைச்சிக் கிடங்கில் மாட்டுத் தொடை சுமந்திருக்கிறார். காது நசுங்கிச் சுருண்டுவிட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

"முட்டுனவன் பேரு பேப்பர்ல வராது, அண்ணே" என்பார். பிசியோதெரபி பார்க்கும் ருக்மிணி என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் இங்கிலீஷ், தமிழில் சொல்வது நான். கோயில் புளியோதரை கொடுத்தால் மூன்று வாய் தின்றுவிட்டு, "காரம் ஜெயிச்சிருச்சு" என்று தட்டைத் தள்ளுவார்.

சட்டைப் பையில் அவர் வீட்டுச் சாவி. சாப்பிடும்போதும் ஒரு கை அதன்மேல்தான். தானாக எழுந்து கதவுவரை நடந்து காட்டினால் வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் மகள் வீட்டை விற்றுவிடுவாள்.

போன வியாழக்கிழமை அந்தப் பரீட்சை. மகள் கதவருகே நின்றாள். முதல் தடவை இடுப்பே கிளம்பவில்லை. இரண்டாவதில் பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். மூன்றாவதில் நிமிர்ந்தேவிட்டார். ஓர் அடி வைத்தார், முழங்கால் மடங்கியது. நான் தாங்கி உட்காரவைத்தேன்.

"இன்னொரு வாட்டி ட்ரை பண்ணச் சொல்லுங்கண்ணே. நான் இன்னும் ஃபார்ம்ல எழுதல" என்றாள் ருக்மிணி, மெல்ல.

"யோவ் பெரியவரே, இது அமெரிக்கா. இங்க உங்க ஃபுட்பால்ல பத்து கெஜம் போக நாலு சான்ஸ். எழுந்திருய்யா!" என்றேன் நான்.

"நான் ஆடுனது கனடாவுல, அண்ணே. அங்க மூணுதான். அதுக்குள்ள பத்து கெஜம் போகலன்னா பந்து எதிராளிக்கு."

பிறகு பைக்குள் கைவிட்டு, சாவியை இரண்டு கையிலும் ஏந்தி மகள் பக்கம் நீட்டினார். அவள் நகரவில்லை. அவள் வந்து வாங்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.