பச்சமுத்து மாமாவும் ஊர்க் கிணறுகளும்

ஏழு கடலையும் ஒரே மடக்கில் குடித்து ஏப்பம் விட்டவர் எங்கள் பச்சமுத்து மாமா. நைனார்பாளையத்தில் அவர் தும்மினால் மணலூர்பேட்டையில் ஆற்றுக் கரை உடையும். திமிங்கலம் அவரைப் பார்த்தால் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்கும்.

நடந்தது இவ்வளவுதான். மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். புயலில் வேறொரு கப்பல் மூழ்கியது. அதிலிருந்து படகில் தப்பி வந்தவர்களை, தன் கப்பலின் கயிற்றேணியில் தொங்கியபடி ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றினார். ஒன்பது பேர். கடைசி ஆள் நல்ல கனம். வலது தோள் கழன்றுவிட்டது, பிடியை விடவில்லை. கம்பெனி ஒரு மெடல், அரசாங்கம் ஒரு மெடல். தோள் சரியாகாமல் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார்.

ஊருக்குப் புரிந்தது வேறு. தண்ணீருக்குக் கொடுத்த மெடல், ஆகவே தண்ணீரில் எது விழுந்தாலும் பச்சமுத்துவைக் கூப்பிடு. இரண்டு வருடத்தில் நான்கு ஆடு, ஒரு குடிகாரர், ஒரு மோட்டார்.

"எனக்கு நீச்சலே சுமாராத்தாண்டா வரும். நான் ஏணியில தொங்கிக்கினு இருந்தவன்" என்று என்னிடம் சொல்வார். கூப்பிட வருகிறவர்களிடம் சொல்ல மாட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குவார். பிறகு கோகிலவாணி அத்தை தோளில் எண்ணெய் தேய்க்கும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நானும் ஒருமுறை கூப்பிட்டேன், கிணற்றில் ஆள் என்று. ஆள் என்றால், வைக்கோல் திணித்த என் பழைய பேண்ட், சட்டை. பாதிப் படி இறங்கியபின்தான் பார்த்தார். திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் மேல வர நேரம் ஆவும். நீ போ" என்றார். நான் போகவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சி டாக்டர், இன்னொரு தடவை கழன்றால் அந்தக் கை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு மத்தியானம் மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லைத் தங்கதுரை அண்ணன் ஓடி வந்தார்.

"கன்னுக்குட்டி கெணத்துல வுழுந்துட்ச்சி. எம் பையன் பிரவீன்குமாரு உள்ள அதோட கழுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறான். மேல தூக்க ஆளு வேணும். உங்க மாமா எங்கடா?"

"இல்லீங்கண்ணா. சேலம் போய்க்கிறாரு, ஆஸ்பத்திரிக்கி. தோள அறுக்கணுமாம்."

"செருப்பு இங்கதான கெடக்குது?"

"பெரிய டாக்டராம். அதான் புதுசு போட்டுக்கினு போனாரு."

அவர் கண்ணெதிரிலேயே பயர் சர்வீசுக்குப் போன் போட்டேன். வண்டி வருகிறது என்றார்கள். அண்ணன் கயிற்றைத் தேடிக்கொண்டு ஓடினார்.

திரும்பினால், வாசற்படியில் மாமா.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாடா?"

"இன்னும் இல்ல மாமா. மயக்க ஊசிதான் போட்டிருக்காங்க. போய்ப் படுங்க."

சிரிக்கவில்லை. கிணற்றுப் பக்கம் நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பயர் வண்டி தெருவைத் தாண்டிப் போனது.

"நாலு மாசமா ஒருத்தனும் கூப்புட வரல" என்றார் மாமா, தோளைத் தடவிக்கொண்டே. "ஊரு திருந்திடுச்சின்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். எத்தினி பேர்கிட்டடா இப்பிடி சொல்லித் திருப்பி அனுப்பிச்சிருக்க?"