சாம்பல் கழுவிய பால்கட்டி

ஆட்டுப்பால் நாறும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். நாறுவது பால் அல்ல, பக்கத்தில் கட்டியிருக்கும் கிடா. கிடாவை எட்டக் கட்டிவிட்டு, கறந்த பாலை ஆறவிடாமல் காய்ச்சினால் பெரிதாக வாடை இருக்காது. லேசாக உப்புக் கரிக்கும், நாக்கில் கொஞ்ச நேரம் படிந்து நிற்கும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயதுவரை தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்தவள் நான்.

எனக்கு இழுப்பு இருந்தது. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் நடக்க, ஆட்டுப்பால் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உப்பளம் என்ற எங்கள் பேட்டையில் அடுத்த தெருவில் ஒரு பெண்மணி நாலைந்து ஆடு வைத்திருந்தார். அவை பகலெல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்துத் தின்னும். இன்றைக்கு சினிமா போஸ்டர் பாலா, கட்சி போஸ்டர் பாலா என்று அப்பா தினமும் கேட்பார். அம்மாவுக்கு மட்டும் அந்தப் பால் ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் காய்ச்சுவாள். அப்படியும் நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறவிட்டதில்லை.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரான்சில் இருந்தார். வருஷா வருஷம் ஜூலையில் வக்கான்ஸ் என்று ஒரு மாதம் வந்து தங்குவார். எங்களுடையது வெறும் லீவு, அத்தையுடையது வக்கான்ஸ். அவருக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஒன்பது வயதானபோது வந்தவர் என்னைக் கேட்டார், சட்டப்படி தத்தெடுத்து அங்கேயே வளர்ப்பதற்கு. என் அக்கா பத்தாவது வந்துவிட்டாள், தம்பி ஆண்பிள்ளை, கேட்கவே முடியாது, மிச்சம் நான். தட்டாஞ்சாவடியில் பட்டறை வேலை பார்த்த அப்பாவுக்கு வீடு தேடி வந்த அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. நல்ல டாக்டர், நல்ல பள்ளிக்கூடம், வேறென்ன வேண்டும் என்றார்.

என்னிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அத்தையோடு ஊருக்குப் போகிறாயா என்று மட்டும் கேட்டார்கள். அத்தை இங்கே வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிற மாதிரி நானும் அங்கே ஒரு மாதம் வக்கான்ஸ் இருந்துவிட்டு வருவேன் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டி வைத்தேன்.

அம்மாவுக்கு அணுவளவும் மனசில்லை. ஆனால் அப்பாவைப் படிக்க வைத்ததே அந்த நாத்தனார்தான். அவரிடம் நேராக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பல நாள் மென்று விழுங்கிவிட்டு, கடைசியில் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு அங்கத்திச் சாப்பாடு ஒத்துக்காது அண்ணி" என்றாள்.

காலையில் ஒரு விதமாகச் சொன்னதை மாலையில் வேறு விதமாகச் சொன்னாள். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆட்டுப்பாலு குடிக்கிற புள்ளைக்கு ஆட்டுப்பாலு ஃப்ரொமாஜ் ஒத்துக்காதா?"

ஃப்ரொமாஜ் என்றால் பால்கட்டி. பெட்டியில் ஒன்று கொண்டுவந்திருந்தார். குழந்தைக்குக் கொடுத்துப் பார்ப்போம், பிடித்தால் கூட்டிப்போகிறேன், பிடிக்கவில்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்றார். அம்மா அவசர அவசரமாகச் சம்மதித்தாள். அந்தப் பேச்சின்போது அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறாள், பின்னாளில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பொட்டலத்தைப் பிரித்தால், ஒரு சாண் நீளத்துக்கு உருட்டி வைத்த மாதிரி ஒரு கட்டி, மேலெல்லாம் சாம்பல். விபூதி பூசிக்கொண்டு வந்திருக்கிறார் சாமியார் என்றார் அப்பா. அம்மா மீன் ஆய்வதில் கெட்டிக்காரி. விரால் மீனைச் சாம்பலில் போட்டுத் தேய்த்து, வழுவழுப்பு போக அலசி எடுக்கிற கை அது. யாரையும் கேட்காமல் கட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பொறுமையாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைவெளேரென்று தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சாம்பலோடு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமாம், அதற்கென்றே பூசுகிறார்களாம். பெட்டியில் ஏதோ கொட்டிவிட்டது என்று நினைத்தேன் என்றாள் அம்மா, கூசிப்போய். சாம்பலால் பாத்திரம் தேய்க்கத் தெரியும், நெற்றியில் இடத் தெரியும், தின்பதற்கு என்று எங்கள் வீட்டில் யார் கண்டது?

அத்தை நீள ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் பால்கட்டியைத் தடவி என் கையில் கொடுத்தார். கடித்தேன். முதலில் ஈரமான சாக்பீஸ் மாதிரி இருந்தது. பிறகு புளித்த தயிர். உப்பு. விழுங்கப் போகும்போது தொண்டையில் ஆடே வந்து நின்றது, மழையில் நனைந்த ஆடு. ஆனால் அதற்கும் பின்னால், கடைசியில், நான் தினமும் குடிக்கிற பாலின் ருசி மெல்ல வந்தது. பழகிய வீட்டுக்குள் வேறு யாரோ குடியிருப்பது போல் இருந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு மட்டும் ஏதோ சாமியை வேண்டுவது போல் அசைந்தது. ஒரு வாய் ரொட்டிக்கு இத்தனை பேர் ஏன் காத்திருக்கிறார்கள் என்று புரியாமல் பயந்துவிட்டேன்.

தெரியவில்லை என்றேன்.

முதல் நாள் யாருக்கும் தெரியாது, நாளைக்கு மறுபடி கொடுத்துப் பார்ப்போம் என்று அத்தை மிச்சக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தார்.

அன்று மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்துபோன நான் சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து, மடியில் அந்தக் காகிதத்தை விரித்து, பால்கட்டியைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விள்ளலையும் வாயில் போட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் மென்றாள். கன்னம் நனைந்திருந்தது. ஆட்டுப்பால் சட்டியைக்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுகிறவள்.

என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. ஒனக்கு எப்டி இருக்கும்னு பாத்தேன்" என்றாள்.

இந்தச் சாக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தம்பிக்குப் பிடிக்குமா என்று பார்த்தேன் என்று சொல்லித்தான் நானும் சர்க்கரை டப்பாவில் கைவிடுவேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் பிடித்துவிட்டது, கழுவி மானம் போன பிறகு நாத்தனாரிடம் இன்னும் கொடுங்கள் என்று கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். பாவமாக இருந்தது. அவளுக்காக நான் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலை அத்தை ரொட்டியைக் கொடுத்தார். கட்டி பாதியாகக் குறைந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. நான் ஒரே மூச்சில் தின்று முடித்தேன். தொண்டையில் நின்ற ஆட்டை அப்படியே உள்ளே தள்ளினேன்.

"நல்லாருக்கு அத்தை. எனக்கு இன்னும் நெறைய வேணும்" என்றேன்.

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். பார்த்தாயா என்பது போல அப்பா அம்மாவைப் பார்த்தார். நானும் பெருமையாகப் பார்த்தேன். அம்மா முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அடுப்பில் ஆட்டுப்பால் பொங்கி வழிந்தது, அவள் திரும்பவில்லை. பெரியவர்கள் சந்தோஷத்தை மறைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவளே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நெசமாவே புடிச்சுதா?" என்று கேட்டாள்.

இந்தக் காரியத்தில் கடைசிவரை உறுதியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், ரொம்பப் பிடித்தது என்றேன். அம்மா சரி என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு ஒத்துக்காது என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

காகித வேலையெல்லாம் முடிய ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில் அம்மா என்னை அடிக்கவே இல்லை, கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தாள். நான் செய்த உதவிக்கு நன்றி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறு வருஷம் அத்தை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கமே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். புது ஸ்வெட்டரில் வியர்த்துக்கொண்டு நின்ற என்னை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குரலே வராமல் அழுதாள். அப்பா அவள் கையைப் பிரிக்க வேண்டியிருந்தது. எனக்குக் காரணம் தெரியும் என்பதால் அவள் காதோடு சொன்னேன், அழாதம்மா, போனதும் ஒரு கட்டி பார்சலில் அனுப்புகிறேன் என்று.

அவள் இன்னும் பெரிதாக அழுதாள். ஒன்று போதாது போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"சரி, ரெண்டு அனுப்புறேம்மா" என்றேன்.